அண்ணன் கையில் இருந்த வேலும் இரண்டு ஊசிகளும்

திருப்பரங்குன்றத்து முருகனை நினைத்துக்கொண்டு எழுத உட்காருகிறேன். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். பிழை இருந்தால் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இதில் பொய் இருக்காது.

கருமாதி அன்று பந்தலில் சிலர் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. “வாயைக் கட்டியிருந்தா இன்னும் பல வருசம் இருந்திருப்பாருய்யா. ஒளிச்சு வச்சுத் தின்னா மெசினு என்ன செய்யும்?” என்றார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அதையே நானும் அண்ணன் முகத்துக்கு நேரே சொன்னவன். ஆனால் அது உண்மையல்ல. அதைச் சொல்லத்தான் இந்த நினைவு மலரை அச்சடிக்கிறோம்.

அண்ணன் பிறந்தது திருவாதவூர். அப்பா போனபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்கு ஐந்து. அந்த வருடமே எனக்கு டைபாய்டு வந்து, பிழைக்க மாட்டேன் என்று எல்லோரும் கைவிட்டுவிட்டார்களாம். அண்ணன் சித்திரைத் திருவிழாவுக்குப் போய், வைகை மணலில் பச்சை குத்துகிறவர் முன்னால் உட்கார்ந்து, தம்பியைக் காப்பாற்று முருகா என்று வேண்டிக்கொண்டு, இடது முன்கையில் நீளமாக ஒரு வேல் குத்திக்கொண்டார். மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே தொடங்கி முழங்கைக்குக் கிட்டே வரை போகும். நான் பிழைத்துக்கொண்டேன்.

பிறகு அரசு பஸ்ஸில் கண்டக்டர் ஆனார். எங்களை மதுரைக்குக் கூட்டி வந்து வில்லாபுரத்தில் குடிவைத்தார். என் தங்கைக்கும் எனக்கும் கல்யாணம் செய்து வைத்துவிட்டுத்தான் தன் கல்யாணத்தைப் பற்றி யோசித்தார். பஸ்ஸில் அவர் யாரையும் வைது யாரும் கேட்டதில்லை. “படிக்கட்டுல நின்னா மாமியா வீடு வராது, உள்ள போங்கண்ணே” என்பார். வண்டியே சிரிக்கும்.

நாற்பத்திரண்டு வயதில் அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. டயாலிசிஸ் மெஷின் அப்போதுதான் மதுரைக்கு வந்திருந்தது. இடது மணிக்கட்டில் ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்தார்கள். சில வாரங்களில் முன்கை நரம்பு கயிறு மாதிரி புடைத்துக்கொண்டது. அதில் இரண்டு ஊசி போடுவார்கள். ஒன்று ரத்தத்தை மெஷினுக்கு இழுக்கும், மற்றது சுத்தமான ரத்தத்தைத் திருப்பி உள்ளே விடும். வாரம் இரண்டு தடவை. நான் கூடப் போவேன்.

அங்கே ஊசி போடுகிற டெக்னீசியன் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பையன். சுற்றி வளைத்துப் பார்த்தால் சொந்தம்தான். மச்சான் மச்சான் என்று எங்களிடம் உருகுவார். முருகனே அனுப்பி வைத்தான் என்று நினைத்தோம். கிருத்திகை தோறும் எங்கள் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மாப்பிள்ளை என்றே எழுதுகிறேன்.

முதல் நாள் அம்மா மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு, “சாமி வேலு இருக்குப்பா, அது மேல மட்டும் ஊசியக் குத்திராத” என்றார்கள். “அதெல்லாம் நான் பாத்துக்கிர்றேன் அத்தை” என்றார் மாப்பிள்ளை. வேலுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இருந்த அந்த நாலு விரல் இடத்திலேயே இரண்டு ஊசிகளும் இறங்கின. ஒவ்வொரு தடவையும் அதே இடம். குத்திக் குத்தி அந்த இடம் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியது.

அண்ணன் அப்போதே சொன்னார், தன் பாணியில். “மாப்ள, ரெண்டு ஊசியும் படிக்கட்டுலயே நிக்கிதே. ஒன்ன உள்ள போகச் சொல்லு, மேல எம்புட்டு எடம் கெடக்கு.”

நான் சிரித்தேன். மாப்பிள்ளையும் சிரித்தார்.

மாதங்கள் போகப் போக அண்ணனுக்கு வாந்தி நிற்கவில்லை. உடம்பெல்லாம் அரிப்பு. ரத்தப் பரிசோதனையில் யூரியா இறங்கவே இல்லை. டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, “வாயைக் கட்டாம இங்க வந்து படுத்து என்ன பிரயோஜனம்?” என்று சத்தம் போட்டார். மாப்பிள்ளை பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வெளியே வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “மச்சான், தப்பா நினைக்காதீங்க. உங்க அண்ணன் எதையோ ஒளிச்சுத் திங்கிறாரு. வீட்டுல கொஞ்சம் கவனிங்க.”

நான் கவனித்தேன். அண்ணனின் காக்கிப் பையைத் துழாவினேன். வாழைப்பழத் தோல் ஒன்று கிடந்தது. வாழைப்பழம் அவருக்கு விஷம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பஞ்சாமிர்தத்தைக்கூடக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுவார்.

“இது என்னண்ணே?”

“பாப்பாவுக்கு வாங்கிக் குடுத்தேன்டா. தோல ரோட்டுல போடாதன்னேன், பையில போட்டுருச்சு.”

பாப்பா என் மகள். அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. “நாங்க எல்லாரும் உங்களுக்காக அலையிறோம், நீங்க திருடித் திங்கிறீங்களா?” என்று கத்தினேன். மதினி அழுதார்கள். நான் அடுப்படி அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. “நீயுமாடா நம்பல?” என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு எங்களுக்கு முன்னால் சாப்பிடவே கூச்சப்பட்டார்.

கார்த்திகைக்கு மாப்பிள்ளை லீவில் ஊருக்குப் போனார். அவருக்குப் பதிலாக ஒரு சிஸ்டர் வந்தார். அண்ணன் கையைப் பார்த்ததுமே, “இதென்னங்க, ரெண்டையும் ஒரே எடத்துல குத்தியிருக்காங்க? மேல அருமையா நரம்பு ஓடுதே?” என்றார். நான் வேல் விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் படுத்தபடியே சொன்னார்: “அம்மா சொன்னது அது. என்னைய யாரும் கேக்கலயே. பழனிக்கு நடந்து போறவன் நாக்குல வேலு குத்துறான், முருகன் கோவிச்சுக்கிர்றாரா? குத்துங்கம்மா.”

முழங்கைப் பக்கமிருந்த வேலின் இலை முனையில் ஒரு ஊசி இறங்கியது. அன்று அண்ணனுக்கு வாந்தி இல்லை. வீட்டுக்கு வந்து இரண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த தடவையும் அப்படியே. யூரியா பாதியாக இறங்கியிருந்தது.

எனக்குப் புரியும்படி அந்த சிஸ்டர்தான் விளக்கினார். “ரெண்டு ஊசியும் ஒட்டி இருந்தா, சுத்தமாகி உள்ள போற ரத்தத்தையே மெஷின் திரும்ப இழுத்துக்கிரும். கழுவுன ஏனத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கிட்டிருந்தா, கழுவாதது பூராம் அப்பிடியேதானங்க கெடக்கும்? நாலு மணி நேரம் படுத்தும் இவருக்குப் பாதி வேலைகூட நடக்கல.”

“இது ஊசி போடுறவங்களுக்குத் தெரியாதா சிஸ்டர்?”

“முதல் பாடமே அதுதாங்க.”

ஊரிலிருந்து வந்த மாப்பிள்ளையை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திக் கேட்டேன். “தெரியும் மச்சான். வேற ஒருத்தருக்கு மேல ஒரு தடவ போடப் போயி நரம்பு தவறி கை வீங்கிருச்சு. டாக்டரு கண்டபடி வஞ்சுட்டாரு. அத்தையும் வேலு மேல வேணாம்னாங்க. அதான் அப்பிடியே விட்டுட்டேன்.”

“சரி. திருடித் திங்கிறாருன்னு எதுக்கு மாப்ள சொன்னீங்க?”

“டூட்டிக்கு நேரமாச்சு மச்சான்” என்று உள்ளே போய்விட்டார். இன்று வரை எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. சொன்னேன். “நான் ஒண்ணுந் தெரியாதவ, சொன்னேன். அவன் படிச்சவன். ‘அது ஆகாது அத்தை’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா?” என்றார்கள். அதன் பிறகு கிருத்திகைக்கு எங்கள் வீட்டில் வெளி ஆளுக்கு இலை போடுவதில்லை.

அண்ணன் அதற்குப் பிறகு, சிஸ்டர் கையால் ஊசி போட்டுக்கொண்டு, ஏழு வாரம் இருந்தார். அந்த ஏழு வாரமும் நன்றாக இருந்தார். தைப்பூசத்துக்கு வண்டியூர்த் தெப்பம் பார்க்க வேண்டும் என்றார், ரிக்‌ஷாவில் கூட்டிப் போனேன். ஆனால் அத்தனை மாதக் கழிவும் இதயத்தைக் கெடுத்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். அலமாரியைத் திறந்துவிடக்கூடத் தோன்றாமல் இருந்த நான், கடைசியில் அவர் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டபோது, “சாவிய மொதல்ல மதினிகிட்டக் குடுடா, காப்பிக்குச் சீனி எடுக்க முடியாமத் தவிக்கிறா” என்று சிரித்தார். அதற்கு மூன்றாம் நாள் காலையில் போய்விட்டார்.

அண்ணனைத் தாய் போலப் பார்த்துக்கொண்ட மதினிக்கும், கடைசி வரை தேடி வந்த டெப்போ நண்பர்களுக்கும், முதல் நாளே கையைப் பார்த்து உண்மையைச் சொன்ன அந்த சிஸ்டருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. முருகன் அவர்களை நன்றாக வைத்திருக்க வேண்டும்.

இந்த மலரில் ஒன்றை மாப்பிள்ளை வீட்டுக்கும் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அவரைச் சபிக்க எனக்கு மனம் வரவில்லை. அலமாரியைப் பூட்டியது நான்தானே. அவர் ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்து, அண்ணன் திருடித் தின்றவர் இல்லை என்று அம்மாவிடம் தன் வாயால் சொல்லட்டும். அன்றைக்கு அவருக்கும் இலை போடுவோம்.

இன்று அண்ணனுக்கு வைத்த படையலில் பாப்பா ஒரு வாழைப்பழத்தைத் தானே உரித்து, பெரியப்பாவின் இலையில் வைத்தாள். தோலை வெளியே எறியவில்லை. ஆணியில் தொங்கும் அந்தக் காக்கிப் பையில்தான் போட்டாள்.