சுவரைப் பார்த்திருந்த காது

மலேசியாவின் கூச்சிங் நகரில் கடைப் பலகைகள் எழுதிப் பிழைப்பவள் மெங்கியாங். அவள் அப்பா ஜுபாங் இருப்பது ஆற்றோரத்தில், பல குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழும் நீண்ட வீட்டில். பக்கத்து நீண்ட வீடு எரிந்து சாம்பலான வருடம், அவர் பயந்துபோய்த் தங்கள் பழைய, டிராகன் உருவம் போட்ட பெரிய ஜாடியைக் கூச்சிங் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். இப்போது அவருக்கு வயிற்றில் ஆபரேஷன். அதற்குமுன் ஜாடியைப் பார்த்துவிட வேண்டும் என்றார். அவள் போனில் அனுப்பிய படத்தைப் பார்த்து, “என்னது இது, கட்டைவிரல் அளவுல?” என்று தள்ளிவிட்டார்.

மெங்கியாங் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிமுன் உட்கார்ந்து, ஜாடியை அதே உயரத்தில் அச்சு அசலாக வரைந்து படகில் அப்பாவிடம் கொண்டுபோனாள்.

ஜுபாங் வெகுநேரம் பார்த்தார். “யாரு வீட்டு ஜாடிம்மா இது?”

“நம்மளதுதான்பா.”

“நம்மளதுக்குக் கயிறு கட்டுற காது ஒன்னு உடஞ்சிருக்குமே. மாத்திட்டானுங்க.”

அன்று அவர் சோற்றைத் தொடவில்லை. ஒருவேளை உண்மையாகவே மாற்றிவிட்டார்களோ என்று அவளுக்கும் சந்தேகம் வந்தது.

மறுநாளே அருங்காட்சியகத்துக்குத் திரும்பி, பின்பக்கம் தெரியும்படி ஜாடியைத் திருப்பி வைக்கச் சொல்லிக் கெஞ்சினாள். அங்கிருந்த அதிகாரி ரோஸ்னா கையைப் பிசைந்தாள். “அக்கா, தூசி தட்டவே எனக்கு உயிர் போகுது. கீழ விழுந்தா என் வேலையே போயிடும்.”

“எங்கப்பா சாப்பிடாம கிடக்கிறாரு.”

கடைசியில் ஆள் பிடித்து மெல்லத் திருப்பினார்கள். அடிப்பாகம் பலகையில் கிரீச்சென்று உரசியது. சுவரைப் பார்த்திருந்த பக்கம் வெளிச்சத்துக்கு வந்தது. டிராகனின் வாலுக்கு மேலே காது இருந்த இடத்தில் வெறும் மொட்டை. மெங்கியாங் தரையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை வரையத் தொடங்கினாள்.

ஆபரேஷன் நாள் நெருங்கியதால் சாயம் காயக்கூட நேரமில்லை. படகில் யாரும் இடித்துவிடாதபடி படத்தைப் பெட்டியில் வைத்து அணைத்துக்கொண்டு வந்தாள். “உள்ள பன்னிக்குட்டியாம்மா? இந்தப் பிடி பிடிச்சிருக்க!” என்று ஒருவர் கேலி செய்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜுபாங் உடைந்த காதின் மேல் விரலை வைத்தார். விரலில் பழுப்புச் சாயம் ஒட்டியது. “இதுதான்,” என்றார். அவள் ஆணி தேட, “மாட்டாதே. ஜாடி தரையிலதானே நிக்கும்,” என்றார். பாய்க்குப் பக்கத்தில் சாத்தி வைத்தாள். அவர் சோறு கேட்டார்.

சிபு நகர ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் ஜுபாங் முணுமுணுத்தார். “மழை வருதே. சாரல் படாம ஜாடிய எடுத்து வெச்சியா?”

படத்தை உள்ளே எடுத்து வைத்தோமா என்று மெங்கியாங்குக்கு நினைவில்லை. வீட்டுக்குப் போன் போட வராந்தாவுக்கு ஓடினாள்.