குதிரை மேல் ஒரு ரோஜாப்பூ

எனக்குத் தெரிந்ததெல்லாம் கல்யாண வீடியோதான். அல்லிநகரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். மேடையில் ஐயரையே "கொஞ்சம் தள்ளி உக்காருங்க சாமி" என்று அதட்டுகிற ஆள் நான். உத்தமபாளையம் பக்கம் குதிரைகள் வைத்திருக்கும் ஒரு டிரஸ்ட்டுக்கு விளம்பரப் படம் வேண்டும் என்று போன் வந்தது. பணக்காரப் பிள்ளைகள் குதிரையேற்றம் பழகும் இடம் போலிருக்கிறது, ட்ரோனைப் பறக்கவிட்டு ஜமாய்த்துவிடலாம் என்று கிளம்பிப் போனேன்.

போனால் ஒரு பக்கம் திராட்சைப் பந்தல், ஒரு பக்கம் தென்னந்தோப்பு, நடுவில் மணல் கொட்டிய வட்டம், இரண்டே குதிரைகள். இடத்தை நடத்துகிற அம்மா பிசியோதெரபி படித்தவர். எல்லோருக்கும் அவர் டாக்டரம்மா.

"கால் வெறச்ச பிள்ளைக, நிமிந்து உக்கார முடியாத பிள்ளைக வருதுக. குதிர நடக்கையில மேல இருக்குற பிள்ளைக்கு இடுப்பு அசையும். நாம நடக்குறப்ப அசையுற மாதிரியே அசையும். உக்காந்துக்கிட்டே நடை பழகுதுக" என்றார். காசு வாங்குவதில்லையாம். "ஆனா எத்தன வீட்ல பிள்ளைய வெளியவே காட்டாம வச்சிருக்காக தெரியுமா? அவுகளுக்குத் தெரியணும். அதுக்குத்தான் படம்."

குதிரையாவது வைத்தியம் பார்ப்பதாவது என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஓர் அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். தூக்கிச் சுமக்கும் வயதைத் தாண்டிய மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். பிள்ளையின் தலைமேல் துண்டு போட்டிருந்தது. வெயிலுக்கு என்று நினைத்தேன். கேமராவைப் பார்த்ததும் அந்தம்மா நேராக என்னிடம் வந்தார்.

"அண்ணே, பாப்பா மூஞ்சி மட்டும் தெரியக் கூடாது. சொந்தக்காரவுக பாத்தா ஒண்ணு கெடக்க ஒண்ணு பேசுவாக."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முகம் இல்லாமல் எதைக் காட்டுவது, குதிரை வாலையா? டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரிம்மா, எடுத்துட்டுப் பெறகு மறைச்சுர்றேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

ஹெல்மெட் மாட்டிப் பிள்ளையைக் குதிரைமேல் உட்கார வைத்தார்கள். உதவியாட்கள் பக்கத்துக்கு ஒருவராகப் பிடித்துக்கொள்ள, கம்பம் ஊரிலிருந்து வருகிற குதிரைக்கார பாய் கயிற்றைப் பிடித்து நடத்தினார். பிள்ளை கூன் போட்டு, பிடரியையே பார்த்தபடி சுற்றிச் சுற்றி வந்தது. நானும் சுற்றிச் சுற்றி எடுத்தேன். ஒன்றும் தேறவில்லை. மணமக்கள் மரக்கட்டை மாதிரி நடந்து வந்தால் நான் என்ன செய்வேனோ அதைத்தான் அன்றைக்கும் செய்தேன். பையிலிருந்த ஸ்பீக்கரை எடுத்து நாதஸ்வரம் தவிலை முழுச் சத்தத்தில் போட்டேன்.

குதிரை காதைத் தூக்கியது. நின்றது. முன்னங்காலைத் தூக்கி ஒரு மிதி, அடுத்த காலைத் தூக்கி ஒரு மிதி. கழுத்தை வளைத்து ஆட ஆரம்பித்துவிட்டது.

"யோவ், பாட்ட நிறுத்துய்யா! கல்யாண ஊர்வலத்துல ஆடுன குதிரய்யா இது!" என்று பாய் கத்தினார்.

இதை என்னிடம் முன்னாலேயே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா? பதற்றத்தில் ஸ்பீக்கர் பட்டன் கைக்கு அகப்படவில்லை. பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். வேலியோரம் நின்ற அம்மா "ஆத்தா!" என்று அலறிக் கண்ணை மூடிக்கொண்டார். ஒருவழியாகப் பாட்டை நிறுத்தினேன். குதிரையும் நின்றது.

பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. இரண்டு கையாலும் வாரைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது. "இன்னும்" என்றது என்னைப் பார்த்து. அந்த நிமிடமே அந்தப் பிள்ளையை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது.

பாய் என்னைத் திட்டினார். டாக்டரம்மா அதைவிட நீளமாகத் திட்டினார். திட்டு வாங்க வேண்டிய காரியம்தான், தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இத்தனை வருடத்தில் நான் எடுத்ததிலேயே நல்ல ஷாட் அந்தச் சிரிப்புதான். இருந்தாலும் கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். கல்யாண வீடியோவில் யாராவது ஓர் ஆளின் முகம் வேண்டாம் என்று வீட்டார் சொன்னால் எங்கள் ஸ்டுடியோவில் ரோஜாப்பூ எஃபெக்ட் போடுவோம். அதையே போட்டேன். பிள்ளை எந்தப் பக்கம் ஆடினாலும் பூவும் கூடவே ஆடும்படி உட்கார்ந்து வேலை பார்த்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்த வாரம் லேப்டாப்பைக் கொண்டுபோய்க் குதிரைக் கொட்டகையில் வைத்துக் காட்டினேன். அம்மா மடியில் பிள்ளை. பின்னால் டாக்டரம்மாவும் பாயும். பூவைப் பார்த்ததும் அம்மாவுக்கு நிம்மதி. "இப்ப சரிண்ணே" என்றார்.

பிள்ளை திரையையே உற்றுப் பார்த்தது. அதற்கு ஒவ்வொரு வார்த்தையும் சிரமப்பட்டுத்தான் வரும். எல்லோரும் காத்திருந்தோம்.

"பாய் இருக்காக. குதிர இருக்கு. நான் எங்க?"

"இந்தா, இதுதான ஆத்தா நீ" என்று அம்மா விரலை வைத்துக் காட்டினார்.

"இது பூ" என்றது பிள்ளை.

பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் தாய்மாரிடம் "கொஞ்சம் இப்படித் திரும்பி அழுங்கம்மா" என்று சொல்லிச் சொல்லிக் காய்த்துப்போன மனசு என்னுடையது. அன்றைக்கு அந்த அம்மாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. எதுவும் கேட்காமல் எஃபெக்டை எடுத்துவிட்டு அந்த இடத்தை மறுபடி ஓட்டினேன்.

படம் எடுத்த அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் அந்தச் சிரிப்பை அந்தம்மா பார்த்ததே இல்லை. இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். மறுபடியும் போடச் சொன்னார். பிள்ளை மடியில் உட்கார்ந்து தன்னைத்தானே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"பூவு வேணாம்ணே" என்றார்.

சரி என்று லேப்டாப்பை மூடப் போனேன்.

"இருங்கண்ணே. இன்னொரு மட்டம் எடுங்க." பைக்குள் கையை விட்டுப் பவுடர் டப்பாவையும் பொட்டு அட்டையையும் தேடி எடுத்தார். "ஊரே பாக்கப் போகுது. பொட்டு அழிஞ்ச மூஞ்சியோடயா எம்பிள்ளையக் காட்டுறது?"

பாய் குதிரையை அவிழ்க்கப் போனார். நான் டிரைபாடை விரித்தேன்.