நீல மூடியும் கிருபாபாயின் ஜெபமும்

எங்கள் அடுத்த வீட்டு லாரி டிரைவர் தேவஇரக்கத்துக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. வண்டி கிளம்பும்முன் அவர் மனைவி கிருபாபாய் செய்யும் ஜெபம் அவருக்குப் பெரிய சோதனை. ஆண்டவரிடம் எதையும் சுருக்கிச் சொல்பவள் அல்ல அவள். கோழி முட்டையிட்டது முதல் நாத்தனாரின் முழங்கால் வலி வரை ஒப்பிப்பாள். ஆமென் சொல்லும்வரை சாவி போடக் கூடாது, அது அந்த வீட்டுச் சட்டம்.

காலமெல்லாம் அடுத்தவர் வண்டியை ஓட்டிய மனுஷன், போன தை மாதம்தான் சொந்த லாரி வாங்கினார். இப்போதைய டீசல் லாரிகளில் புகைக்குழாயோடு கேட்டலிஸ்ட் என்று ஒரு பெட்டி இருக்கிறது. நீல மூடி போட்ட தனி டேங்கில் சுத்தமான யூரியாக் கரைசல் ஊற்றவேண்டும். அது சூடான புகையில் பீய்ச்சப்பட்டு, நெஞ்சைக் கெடுக்கும் நைட்ரஜன் ஆக்சைடை வெறும் நைட்ரஜனும் நீராவியுமாக மாற்றிவிடும். கரைசலில் அழுக்கு சேர்ந்தால் பெட்டி பாழ், வண்டி முடங்கிவிடும். அவருக்கு இருப்பதோ அந்த ஒரு வண்டி.

அன்று ராஜபாளையத்தில் பேண்டேஜ் லோடு ஏற்றி மதுரைக்குப் போகவேண்டும். "யூரியாத் தண்ணி குறைஞ்சிருச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர் பங்க்ல வாங்கணும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். திரும்பி வந்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கீழே நின்ற கிருபாபாய் கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, நெல்லுக்குப் போட்டது போக மிஞ்சின யூரியாவக் கரைச்சு, அவிய குளிச்சுட்டு வாரதுக்குள்ள நீல மூடியத் தொறந்து ஊத்தப் புத்தி குடுத்தீரே, ஸ்தோத்திரம்..."

"ஏட்டி! என்னத்த ஊத்துன?"

சாவியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு இறங்கி, மெக்கானிக்குக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். விஷயம் புரிந்ததும் கிருபாபாய் அழுதேவிட்டாள்.

ராஜபாளையத்திலிருந்து மெக்கானிக் யாசின் வந்து இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "அண்ணாச்சி, சாவி போட்டியளா?"

"போடல. இவ இன்னும் ஆமென் சொல்லல."

"அப்பத் தப்பிச்சிட்டிய. பம்பு உறிஞ்சியிருந்தா கேட்டலிஸ்ட் போயிருக்கும். வயல் உரத்துல எம்புட்டுக் கசடு கெடக்கு! டேங்க மட்டும் கழுவுனாப் போதும்."

தேவஇரக்கம் வெறுந்தரையில் உட்கார்ந்து சிரித்தார். வேடிக்கை பார்த்த எங்களுக்கும் அப்போதுதான் உயிர் வந்தது.

யாசின் டேங்கை இறக்கி, பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரில் அலசி, சரியான கரைசலை நிரப்பினார். தேவஇரக்கம் மறுபடி சீட்டில் ஏறினார். கிருபாபாய் தலையைக் குனிந்துகொண்டு, "ஆண்டவரே, காத்துக்கிடும், ஆமென்" என்று முடித்துவிட்டாள்.

அவர் சாவியைப் போடவில்லை.

"என்னட்டி, அம்புட்டுத்தானா? காலையில இருந்து செஞ்சது அம்புட்டையும் சொல்லு. நான் இருக்கேன்."