கொதித்த கத்திரியும் ஒரு சிரட்டை சாம்பலும்

பிள்ளை பெறுவதுதான் உலகத்திலேயே பெரிய பாடு என்று நினைத்திருக்கும் சகோதரிகளே, பேறு பார்க்கிறவளுக்கு ஒருநாள் பாடம் சொல்லிப் பாருங்கள். பாறசாலைப் பக்கம் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று எல்லைப் போராட்டம் நடந்த வருஷங்களில் எனக்கு அந்த யோகம் அடித்தது. மிஷன் ஆஸ்பத்திரி வெள்ளைக்கார நர்ஸுக்கு இங்கிலீஷ் தவிர வேறு பாஷை வராது. கான்வென்டில் படித்துவிட்டு வீட்டில் மரச்சீனிக் கிழங்கு அவித்துக்கொண்டிருந்த என்னை, அவர் சொல்வதை ஊர்ப் பேச்சில் எடுத்துச் சொல்லக் கூப்பிட்டார்கள். வாரம் ஒரு வகுப்பு. பேறு பார்க்கிற வயத்தாட்டிகள் எட்டுப் பேர்.

ஏழாம் நாள்

பிறந்து ஏழாம் நாள் வாய் இறுகி, பால் குடிக்காமல், வலிப்பு வந்து சாகிற பிள்ளையைப் பிசாசு கொண்டுபோயிற்று என்பார்கள். பிசாசு இல்லை, பொக்கிள்கொடி அறுக்கிற மூங்கில் சிம்பிலும் மேலே அப்புகிற சாம்பலிலும் இருக்கிற விஷக்கிருமிதான் என்றார் நர்ஸ். நான் கொஞ்சம் காரம் சேர்த்துச் சொன்னேன்.

தாயம்மை எழுந்து வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். எட்டுப் பேரில் மூத்தவள். எங்கள் சபை எஸ்தருக்கு முதல் இரண்டு பேறும் பார்த்தவள். இரண்டு பிள்ளைகளும் ஏழாம் நாள்தான் போயின. எஸ்தருக்கு இப்போது மூன்றாவது, ஐந்து மாசம். தாயம்மை உட்காராமலே கேட்டாள்: "அப்போ அந்த ரெண்டும் எனக்க கையாலயாக்கும் போச்சு, இல்லியா மக்கா?"

எவ்வளவு நேரம் கொதிக்கணும்?

 எஸ்தரின் மூன்றாவது பிள்ளை பிழைத்தாக வேண்டும் என்று தீர்மானித்தேன்.

மூங்கில் சிம்புக்குப் பதில் கத்திரி, அதைக் கால் மணி நேரம் கொதிக்க வை என்றால், கடிகாரம் யார் வீட்டில் இருக்கிறது? சபையில் பாடுகிற ஒரு கீர்த்தனை முழுக்கப் பாடி முடியுமட்டும் என்றேன். வேதக்காரப் பெண்கள் உற்சாகமாகப் பாடினார்கள். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இரண்டு சரணத்தை முழுங்கினார்கள். இனி மூன்று தடவை பாடவேண்டும் என்று தண்டனை போட்டேன். எட்டுப் பேரில் தினமும் விளக்கு வைத்து நாமம் சொல்லுகிற பொன்னம்மைக்குக் கொண்டாட்டம். "எங்க நாமம் நல்ல நீளமாக்கும். உங்க பாட்டு தீருறதுக்குள்ள வெள்ளத்துக்கே சூடு ஏறாதுடீ."

துடைத்த கத்திரி

மூன்றாம் மாசம் பரீட்சை. தாயம்மை சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினாள். கத்திரியையும் நூலையும் கொதிக்க வைத்தாள். ஒரு சரணம்கூட விடவில்லை. நர்ஸ் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் கத்திரியை எடுத்து, இடுப்பு முண்டின் தலைப்பால் முன்னும் பின்னும் நன்றாகத் துடைத்து, மரியாதையாக நீட்டினாள். நான் போட்ட சத்தத்தில் கூரைக் காக்கை பறந்தது. அவளுக்கோ என் கோபம் விளங்கவே இல்லை. "பிள்ளையத் தொடுகிற சாமானை ஈரத்தோடயா எடுக்கிறது? இவ்வளவு படிச்சும் ஒனக்கு ஒரு விருத்தி சுத்தம் இல்லியே மக்கா!"

இன்னொரு மாசம் பாடம் நடந்தது. துடைக்காதே, துடைக்காதே என்று கத்தியே எனக்குத் தொண்டை கட்டிப்போனது.

போலீஸ் சோதனை

ஊர்வலத்துக்குத் தடை போட்டிருந்த சமயம். நானும் பொன்னம்மையும் தனுவச்சபுரம் போகிற வழியில் அவள் பெட்டியைப் போலீஸ்காரர் திறக்கச் சொன்னார். உள்ளே கத்திரி, பிளேடு, நூல். "இது ஏது சமரத்துக்கு?" என்று, ஏதோ போராட்டத்துக்கு ஆயுதம் கடத்துகிறோம் என்பதுபோல் அதட்டினார்.  பொன்னம்மை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏமான் பிறந்தப்போ மூங்கில் சிம்பு போதுமாயிருந்து. இப்போ உள்ள பிள்ளையளுக்குக் கத்திரி வேணுமாக்கும்."

அடுத்த வீடு

எஸ்தருக்கு வலி கண்டது கடையடைப்பு நாளில். பஸ் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. தாயம்மையும் நானும் நடந்தே போய்ச் சேர்ந்தோம். உச்சி வேளைக்குப் பெண் பிள்ளை பிறந்தது. தாயம்மை கத்திரியைக் கொதித்த வெள்ளத்திலிருந்து எடுத்து, ஈரம் சொட்டச் சொட்ட அறுத்தாள். எஸ்தரின் மாமியார் ஒரு தேங்காய்ச் சிரட்டை சாம்பலோடு வந்து நின்றாள்.

"எனக்க எட்டும் சாம்பல் வச்சு வளந்ததாக்கும்!"

தாயம்மை சிரட்டையை வாங்கி முற்றத்தில் கொட்டினாள். "ஒமக்கு எட்டு உண்டு. இவளுக்கு ஒண்ணும் இல்ல."

தினமும் போய்ப் பார்த்தேன். மாமியார் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏழாம் நாள் அந்த வீட்டில் அடுப்பே எரியவில்லை. எல்லோரும் பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது வாயைத் திறந்து பால் குடித்தது. எட்டாம் நாளும் குடித்தது. எஸ்தர் அழுதாள், தாயம்மை அழுதாள். மாமியார் மட்டும் என்னைக் கதவு மறைவுக்கு இழுத்தாள். "அடுத்த வீட்டுக்காரி கேட்டதுக்கு, சாம்பல் வச்சதினாலதான் பிழைச்சுதுன்னு சொல்லியிருக்கேன். நீ மாத்திச் சொல்லி என்னை நாணம் கெடுத்தாதே மக்கா."

அந்த அடுத்த வீட்டுக்காரிக்கு அப்போது எட்டாம் மாசம், இனி அவளும் சாம்பல் தேடுவாள் என்பதால், ஒரு பிள்ளையைப் பிழைக்கவைத்த பெருமையை நான் அனுபவித்தது அவள் வீட்டு வேலிவரை நடந்த நேரம் மட்டும்தான்.