துடைத்தாலும் போகாத சிவப்பு

புருவத்துக்கும் உதட்டுக்கும் ஊசியால் சாயம் ஏற்றி நிரந்தர மேக்கப் போட்டுக்கொண்டதற்கு அழகு காரணமில்லை, அலுப்புதான் காரணம். கிள்ளானிலிருந்து பெட்டாலிங் ஜெயா வேலைக்கு விடியும் முன்னே கிளம்ப வேண்டும். வரவேற்பு மேசையில் உட்காருகிறவள் வெளுத்த மூஞ்சியோடு இருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். நெரிசலில் கார் நிற்கும்போதெல்லாம் நான் புருவம் வரைவதைப் பார்த்து என் வீட்டுக்காரருக்கே பொறுக்கவில்லை. "ஒரேடியா போட்டுட்டு வந்துரு லா, தலவலி விட்டுச்சு" என்றார். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைக்கு அவரே கூட்டிப்போனார்.

"நிரந்தரம்னு பேருதான் அக்கா" என்றாள் கடைக்காரப் பெண். "ரெண்டு வருஷம், மிஞ்சினா மூணு. வெயிலு, வேர்வை, மூஞ்சில தேய்க்கிற கிரீம், எல்லாம் கலர தின்னுடும்." முதல் வாரம் தண்ணீர் படக் கூடாது. பொருக்கைப் பிய்க்கக் கூடாது. ஒரு மாதம் கழித்து மறுபடி வந்து, சாயம் பிடிக்காத இடங்களை நிரப்பிக்கொள்ள வேண்டும். அதன்பின் வெளியே போகும்போதெல்லாம் சன்ஸ்க்ரீன். ஒரு வேலையைக் குறைக்கப் போய் நாலு வேலையைத் தேடிக்கொண்டேன். ஆனாலும் காலையில் இன்னும் கொஞ்சம் தூங்க முடிந்தது. அப்போது எனக்கு அதுவே பெரிய சொத்து.

அடுத்த வருஷம் அவர் போய்விட்டார். நெஞ்சு வலிக்கிறது என்றார், மருத்துவமனைக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். என் தலையிலிருந்து பூவை எடுத்தார்கள், பொட்டை அழித்தார்கள். அவருடைய அக்கா என் முகத்தை உற்றுப் பார்த்தார். "புருஷன் கெடக்கிறான், ஒனக்கு லிப்ஸ்டிக் கேக்குதா?" என்று ஈரத் துண்டால் என் உதட்டைத் தேய்த்தார். போகவில்லை. தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்தார். "ஊசி வச்சி போட்டது அண்ணி, போவாது" என்றேன். யார் காதிலும் விழவில்லை. உதடு வெடித்து ரத்தம் வந்த பிறகுதான் விட்டார்.

என்னோடு சேர்ந்து அழ வேண்டியவர்கள் எல்லோரும் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகையே அடைத்துவிட்டது. அழாமல் உட்கார்ந்திருந்ததும் சேர்ந்துகொண்டது. சாவு வீட்டில் சாயம் பூசிக்கொண்டு கல்லு மாதிரி இருந்தாள் என்ற பேச்சு சுபாங் ஜெயாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் வரைக்கும் போனது. விளக்கம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம், பிறகு விட்டுவிட்டேன். அந்தக் கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.

சன்ஸ்க்ரீனை அப்புறம் தொடவேயில்லை. புருவம் செம்பட்டையாகி ஓரம் கலைந்தது. உதட்டுச் சிவப்பு திட்டுத்திட்டாகப் போய்விட்டது. போன மாதம் அண்ணி வந்திருந்தார். தேநீரைக் குடித்துக்கொண்டே, "இப்பதாம்மா ஒம் மொகம் பாக்க அடக்கமா இருக்கு" என்றார். பாசமாகத்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வார லீவிலேயே ரயிலேறி பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன்.

"ரொம்ப விட்டுட்டீங்களே அக்கா" என்று கடைக்காரப் பெண் என் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "அண்ணே எங்க? பார்க்கிங் கெடைக்கலயா?"

சொன்னேன். அவள் மரத்துப்போகும் கிரீமைத் தடவினாள். புருவம், உதடு, இந்தத் தடவை கண்ணோரமும் ஒரு மெல்லிய கோடு என்று எல்லாவற்றையும் முடித்துவிட்டு, வழக்கமான பாடத்தை ஆரம்பித்தாள். வெயில் கூடாது, தண்ணீர் கூடாது. "ஒரு வாரத்துக்கு அழவும் கூடாதுக்கா. கண்ணீர் பட்டா கலர் நிக்காது."

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் போன நாளிலிருந்து வராத அழுகை அங்கே, அந்தப் படுக்கையில் வைத்து வந்தது. நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை.

அவள் விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பரவால்லக்கா, அழுங்க" என்றாள். "நான் மறுபடி போட்டுவிடுறேன்."