அதையே இன்னொண்ணு

யார்க்‌ஷர் மலைச்சரிவில், கம்பளி ஆலையின் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர் ஹெட்லி சக்டன். ஒரே நீலத்தில் ஏழு நீலம் பார்க்கிற கண் தனக்கு என்று அவருக்கு ஏகப்பட்ட கர்வம். இருக்கட்டுமே, பொய்யில்லையே! அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் அவர் வீட்டில் பீர் காய்ச்சினார். துண்டு, போர்வை வைக்கும் வெதுவெதுப்பான அலமாரிக்குள் வாளி நுரைத்துக்கொண்டிருக்கும். மனைவி மியூரியல் சளைத்தவள் அல்ல. "குளிச்சிட்டுத் துண்டால தொடச்சா ஒரே பீர் வாடை, பப்புக்குப் போன மாதிரி இருக்கு" என்பாள்.

சனிக்கிழமைதோறும் ஹெட்லியும் தபால்காரர் வில்ஃப் பூத்ராய்டும் பப் பப்பாக நடப்பார்கள். வில்ஃப் வாயைத் திறந்து பாராட்டுகிற ஜாதியே கிடையாது. பீர் பிடிக்கவில்லை என்றால் டம்ளரை வைத்துவிட்டுக் கோட்டை மாட்டுவார். பிடித்துவிட்டால், "அதையே இன்னொண்ணு." அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லுக்காக அந்தப் பள்ளத்தாக்கில் பப் நடத்துகிறவர்கள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

ஹெட்லியும்தான் காத்திருந்தார். ஒவ்வொரு முறை காய்ச்சியதும் வில்ஃபுக்கு ஒரு பாட்டில் கொடுப்பார்.

"இந்தா பாரு, ஒரு ராத்திரி நிமித்தி வை. மண்டி அடியில படியட்டும். அப்புறம் அலுங்காம ஊத்தி, வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு."

"சரிப்பா."

வில்ஃப் அதைச் சைக்கிள் பையில் போட்டுக்கொண்டு, கற்கள் பாவிய மேட்டுத் தெருவில் தடதடவென்று போவார். அடுத்த சனிக்கிழமை ஹெட்லி மெல்லக் கேட்பார்.

"எப்படி இருந்துச்சு? நிறம் எப்படி?"

"குடிச்சேன்."

வருஷக்கணக்கில் இதே பதில். ஒரு பாட்டில் கொடுத்தால் ஒரு பாட்டிலோடு சரி, இன்னொன்று கேட்டதே இல்லை. சிநேகிதன் மனம் நோகக் கூடாதென்று மென்று விழுங்குகிறான் என்று ஹெட்லி முடிவு கட்டிவிட்டார். அந்த நினைப்பு அவரை உள்ளுக்குள் அரித்தது.

'கறுப்புக் கடா' பப்பை நடத்தும் டோரீன், வீட்டில் காய்ச்சுகிறவர்களின் பீரை எல்லாரும் ருசி பார்க்கட்டும் என்று ஒரு சனிக்கிழமை மத்தியானத்தை ஒதுக்கினாள். பெயர் இல்லை, ஜாடிகளில் சாக்பீஸ் எண் மட்டும். ஹெட்லி வில்ஃபிடம் மூச்சு விடாமல் தன் பாட்டில்களை முந்தின நாளே கொல்லைக் கதவு வழியாகச் சேர்த்துவிட்டார். இன்றைக்கு வில்ஃப் கோட்டை மாட்டிவிட்டால், வாளியைக் கவிழ்த்துத் தொட்டிச்செடி நட்டுவிடுவது என்று மனதுக்குள் சபதம்.

முதல் ஜாடியில் ஒரு வாய் குடித்துவிட்டு வில்ஃப் டம்ளரைத் தள்ளி வைத்தார். இரண்டாவதுக்கு மூக்கைச் சுளித்தார். மூன்றாவதைப் பாதியில் விட்டுவிட்டு காடியில் ஊறவைத்த முட்டையைக் கடித்தார். நான்காவது ஹெட்லியுடையது. வில்ஃப் ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். டம்ளரை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். 

கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு வில்ஃப் டோரீன் முன்னால் கவுன்ட்டரில் டம்ளரை வைத்தார்.

"அதையே இன்னொண்ணு."

டோரீனுக்குப் பொறுக்கவில்லை. "யோவ் வில்ஃபு, இது யாரு காய்ச்சினது தெரியுமா? இதோ உன் பக்கத்துல நிக்குதே, இந்த மனுசன்!"

"தெரியும். முதல் வாயிலயே தெரிஞ்சுபோச்சு."

ஹெட்லிக்குச் சந்தோஷமும் கோபமும் ஒன்றாக வந்தன. "தெரியுமா? அப்ப இத்தனை வருசமா 'குடிச்சேன்' 'குடிச்சேன்'னு என் உயிரை ஏன்யா வாங்கின?"

வில்ஃபின் காது மடல் சிவந்தது. "வேற என்ன சொல்லச் சொல்ற? நல்லாருக்குன்னு சொன்னா உடனே நிறம் எப்படின்னு கேப்ப. ராத்திரி நிமித்தி வைக்கச் சொன்ன. விடியிற வரைக்கும் எங்க பொறுக்கிறது? வீட்டுக்குள்ள நுழைஞ்சதும், கோட்டைக்கூடக் கழட்டாம தொறந்துடுவேன். சைக்கிள்ல குலுங்கி வந்தது, சாக்கடைத் தண்ணி மாதிரிக் கலங்கிக் கிடக்கும். அப்படியே குடிச்சிடுவேன். இன்னிக்குத்தான்யா அதோட நிறத்தையே பாக்குறேன்."

பப்பே சிரித்தது. ஹெட்லி சிரிக்கவில்லை. நெஞ்சு நிமிர்ந்து சட்டைப் பொத்தான் இறுகியது. டோரீன் ஊற்றிவைத்த டம்ளரை அவரே எடுத்து ஜன்னல் வெயிலில் பிடித்தார்.

"அப்ப நல்லாப் பாத்துக்க."

"பாத்தாச்சு. குடுய்யா இங்க."