வீரகத்தி பார்க்காத வால்வெள்ளி

என் தங்கை கமலாசனியைக் கட்டிய வீரகத்திக்கு மாலைக்கண். பொழுதுபட்டால் அவனுக்கு ஒன்றும் தெரியாது. கல்யாணத்துக்கு முன் இதை எங்களுக்கு எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேனா? கல்யாணத்தன்று இரவு மாப்பிள்ளை வாசற்படியைக் காலால் துழாவித் தேடியபோதுதான் விளங்கியது. அன்றைக்கு நான் போட்ட சத்தம் பரந்தன் சந்தி வரைக்கும் கேட்டிருக்கும். கமலாசனிதான், "விடக்கா, பகலிலை என்னை வடிவாத்தானே பாக்கிறார்" என்று என் வாயை மூடினாள்.

ஆனால் ஆள் உழைப்பாளி, அதை மறைக்கக் கூடாது. வடமராட்சியிலிருந்து முரசுமோட்டைக்குக் குடியேறி வந்த எங்கள் சனத்துக்குள் கட்டை பிடுங்கி முதலில் நெல் விதைத்தவன் அவன். வயல் போதாதென்று படம் பிடிக்கிற விசரும் இருந்தது. குளத்து வேலைக்கு வந்து திரும்பிப் போன ஒரு ஓவசியரிடமிருந்து, மடித்து விரிக்கிற பழைய கமரா ஒன்றை வாங்கியிருந்தான். கல்யாண வீடு, சாமத்திய வீடு எதுவென்றாலும் வீரகத்திதான் வரவேண்டும். பிலிமைக் கழுவுவதும் அவனேதான். குசினி யன்னலைச் சாக்கால் அடைத்துவிட்டுக் கும்மிருட்டில் கையால் தடவித் தடவிக் கழுவுவான். அந்த இருட்டில் மட்டும் அவன் எங்களை விடக் கெட்டிக்காரன்.

ஒருமுறை பிள்ளையார் கோயில் இரவுத் திருவிழாவில் கமராவைத் தடித் தாங்கியில் வைத்துத் திறந்துவிட்டு, மேளச் சமா கேட்ட ருசியில் அதை மூட மறந்துபோனான். கழுவிப் பார்த்தால் கோயில் கூரைக்கு மேலே முழுக்கக் கீறல். "பழுதான பிலிமை என்ரை தலையிலை கட்டிப்போட்டாங்கள்" என்று குதித்தான். நான் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கீறல் எல்லாம் ஒரே பக்கமாக வளைந்திருந்தன.

"அட விசரா, இது கீறலில்லை. வெள்ளியள், நட்சத்திரங்கள். நீ மூட மறந்துபோனாய், அதுகள் தங்கடை பாட்டுக்கு நடந்து போயிருக்குதுகள்" என்றேன்.

"இவ்வளவோ மச்சாள்?"

"இதென்ன இது! இண்டைக்கு இரவு முற்றத்திலை வந்து நிண்டு பார்..." என்று தொடங்கியவள் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் பிறந்ததிலிருந்து நிலாவைத் தவிர வானத்தில் ஒன்றையும் கண்டதில்லை. வெள்ளி வெள்ளி என்று மற்றவர்கள் சொல்லக் கேட்டதுதான். பிலிமைப் பிடித்தபடி முற்றத்தில் குந்தியிருந்து அழுதான். பார்க்க எனக்கும் அந்தரமாகப் போய்விட்டது.

அதற்குப் பிறகு அமாவாசை வந்தால் கமரா வானத்தைப் பார்த்தபடிதான். அவன் இரவில் காணாததை அது கண்டு வைத்திருக்கும். அதைப் பகலில் எடுத்துவைத்து அவன் பார்ப்பான். கார்த்திகை மீன் எது, சப்தரிஷி எது என்று என்னைப் போட்டு வதைப்பான். எனக்கும் அரைகுறைதான் தெரியும், சொல்லுவேன்.

ஊர்ச் சனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீரகத்தி இருட்டில் நடக்கிறான் என்றால் எவராவது லாந்தரோடு வந்துவிடுவார்கள். யாரும் கூடிப் பேசி ஒழுங்குபண்ணியதல்ல, தன்பாட்டில் வந்த வழக்கம். செருப்புச் சத்தம் கேட்டால் போதும், "வீரகத்தியோ, நில்லு, நில்லு" என்று லாந்தர் ஆடி ஆடி வரும். அதிலும் பக்கத்து வயல் அப்புத்துரையண்ணை மோசம். சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு ஓடிவருவார்.

அறுபத்தைந்தாம் ஆண்டு பகலிலும் பிசகு தொடங்கியது. சோற்றைப் பார்த்தால் கறி தெரியவில்லை, கறியைப் பார்த்தால் சோறு தெரியவில்லை. யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கண் டாக்குத்தர் அவனை வெளியே இருத்திவிட்டு என்னிடம் சொன்னார்: வைத்தியம் இல்லை, பார்வை சுருங்கிச் சுருங்கி அடைத்துவிடும், இனி அதிக காலம் இல்லை. கதவுக்கு வெளியே இருந்தவனுக்குக் கண்தான் பழுது, காது பழுதில்லையே. ஊருக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது.

தீபாவளி கழிந்த கையோடு வால்வெள்ளி வந்தது. விடியப்புறம் வயலுக்குப் போனவர்கள் கண்டுவிட்டு வந்து சொன்னார்கள், கிழக்கே முல்லைத்தீவுப் பக்கத்து வானத்தில் விளக்குமாற்றை நிமிர்த்தி வைத்தது மாதிரி நிற்கிறதாம். நானும் போய்ப் பார்த்தேன். என்ரை சிவனே, அவ்வளவு நீளம்! "உது ஒரு உயிரைக் கொண்டுதான் போகும்" என்று அப்புத்துரையண்ணை நெஞ்சில் கையை வைத்தார். பிள்ளைத்தாய்ச்சி பார்க்கக் கூடாது என்று கமலாசனியை வீட்டுக்குள் அடைத்தோம். அப்போது அவளுக்கு ஏழு மாதம்.

வீரகத்திக்கு வேறு நினைவே இல்லாமல் போனது. "மச்சாள், அதை எனக்குப் படத்திலை பிடிக்க வேணும். கண் இருக்கேக்கை ஒருக்காப் பாக்க வேணும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இருக்கிற கண்ணைப் பிள்ளையின்ரை முகத்தைப் பாக்கவெண்டு வைச்சிரு. வால்வெள்ளி என்னத்துக்கு?"

"பிள்ளையைத் தடவிப் பாக்கலாம் மச்சாள். அதைத் தடவேலாது."



முல்லைத்தீவு மஹ்றூப் நானாவின் கடையில் வாங்கிய பிலிமில் கொஞ்சம்தான் மிச்சம். அந்தக் காலத்தில் வேறு பிலிம் கிடைப்பது குதிரைக்கொம்பு. மழைக்காலமும் தொடங்கிவிட்டது. விடியப்புறம் எழும்பிப் போனால் வானம் மூடிக்கிடக்கும். சில நாள் முகில் கொஞ்சம் விலகும், நான் "இப்ப, இப்ப" என்பேன், அவன் திறப்பான், அதற்குள் மூடிவிடும். அப்படியே பிலிம் கரைந்து கடைசிப் படத்துக்கு வந்துவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை அவனுக்கு. பகலில் கண்ணுக்கு முன் கையை விரித்து விரித்துப் பார்ப்பான், எத்தனை விரல் தெரிகிறது என்று.

வயலுக்கு நடுவில் சுற்றுக்கட்டில்லாத பெரிய கிணறு ஒன்று இருந்தது. கிழக்குப் பக்கம் மரம் மறைக்காத இடம் அதுதான். கமராத் தாங்கியை அதன் மேற்குக் கரையில் ஊன்றியிருந்தான். ஒவ்வொரு நாளும் என்னை இழுத்துக்கொண்டு போக வெட்கப்பட்டு, குசினித் தூணிலிருந்து கிணற்றடி வரைக்கும் கயிறு கட்டப்போகிறேன் என்றான். பிடித்துக்கொண்டு நடக்கலாமாம். பின்னேரம் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் கிணற்றடிக்குப் போனதைக் காவற்கொட்டிலில் இருந்து அப்புத்துரையண்ணை கண்டிருக்கிறார். "எங்கை தம்பி கயிறோடை?" என்று கேட்டாராம். "எல்லாத்தையும் முடிக்கத்தான் அண்ணை" என்று இவன் பதில் சொன்னானாம். படத்தைத்தான் சொன்னான். அந்த மனிசன் என்னத்தை நினைத்திருக்கும்?

அடுத்த நாள் விடியப்புறம் வானம் கழுவி விட்டது போலக் கிடந்தது. இத்தனை நாளில் அப்படி ஒரு வானம் வரவில்லை. நானும் போனேன். கமராவின் மேல் கட்டியிருந்த பப்பாசிக் காம்புக் குழலுக்குள்ளால் பார்த்து, வால்வெள்ளி நடுவில் வரத் திருப்பிக் கொடுத்தேன்.

"மச்சாள், குசினியிலை விளக்கு எரியுதோ? ஒரு பொட்டு வெளிச்சமும் வேண்டாம். போய் அணைச்சுப்போட்டு வாங்கோ, நான் நூறு எண்ணிப்போட்டுத் திறக்கிறன்."

போனேன். கமலாசனி விளக்கை ஊதிய நேரம் வயலில் அலறல் கேட்டது.

"தம்பி வீரகத்தி! குதியாதை! பிள்ளைத்தாச்சிப் பெண்டிலை நினைச்சுப் பார்! குதியாதையடா!"

ஓடினேன். கிணற்றுக்கு அந்தப் பக்கம் அப்புத்துரையண்ணை. கிட்டே வந்தால் இவன் குதித்துவிடுவானோ என்ற பயத்தில் அசையாமல், லாந்தரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி கெஞ்சிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் வாய் திறந்த கமரா. அதற்கு நேர் முன்னால் லாந்தர். அதற்கு மேலே, கோதாரி, வால்வெள்ளி.

"லாம்பை அணை! லாம்பை அணையடா நாசமாப் போவானே!" என்று வீரகத்தி கத்தினான். கத்தக் கத்த அவர் இன்னும் உயர்த்திப் பிடித்தார். இருட்டில் குதிக்கத்தான் அணைக்கச் சொல்கிறான் என்று நினைத்தாராம். நான் போய் லாந்தரைப் பறித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வீரகத்தி மண்கட்டிகளைப் பொறுக்கிச் சத்தம் வந்த திசைக்கு எறிந்தான். ஒன்றும் படவில்லை. பிறகு வரம்பில் விழுந்து கிடந்தான். நாங்கள் இருவருமாகத் தூக்கிக்கொண்டு வந்தோம். வழி முழுக்க அப்புத்துரையண்ணையைத் திட்டினான். அவர் பிடியை விடவில்லை.

அன்று மத்தியானம் பிடித்த மழை விடவேயில்லை. விட்டபோது வால்வெள்ளி தேய்ந்து போய்விட்டது, பிலிமும் இல்லை. அப்புத்துரையண்ணையோடு பேச்சை விட்டான். பிலிமைக் கழுவவும் மாட்டேன் என்றான். "ஒரு ஓரத்திலை எண்டாலும் விழுந்திருக்கும், பாருங்கோவன்" என்று கமலாசனி கெஞ்சினாள். அந்த ஆசையில்தான் கழுவினான். வெயில் வந்த நாள் படத்தைக் கடதாசியில் அச்செடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தான். கண்ணுக்கு முன் படத்தை அங்கும் இங்கும் நகர்த்தினான். அப்போது அவனுக்குத் தெரிந்தது ஊசித்துவாரம் அளவு.

"வால்வெள்ளி எங்கை மச்சாள்?"

எனக்குப் பொய் சொல்ல வராது. "இல்லையடா தம்பி. வெளிச்சம் எல்லாத்தையும் திண்டுபோட்டுது."

"அப்ப இதென்ன?"

"அப்புத்துரையண்ணை."

லாந்தரைப் பார்த்தான். பிறகு கையை, பிறகு முகத்தை. பாதி வானத்தை விழுங்கிய வெளிச்சத்துக்குப் பக்கத்தில் அந்த முகம் கொஞ்சம் கலங்கலாக, ஆனால் நன்றாகவே விழுந்திருந்தது. வாய் திறந்தபடி. கன்னம் இரண்டும் நனைந்து மினுங்கின.

"ஏன் இந்தாள் அழுதுகொண்டு நிக்குது?"

"நீ சாகப் போறாயெண்டு."

"லாம்பு வாறது எனக்குத் தெரியும் மச்சாள். கொண்டு வாறவையின்ரை முகத்தை நான் ஒருநாளும் கண்டதில்லை" என்றான். படத்தைக் கிழிப்பான் என்றுதான் நினைத்தேன். கிழிக்கவில்லை. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "எனக்கு வால்வெள்ளியெல்லோ வேணும்! எனக்கு அதெல்லோ வேணும்!" என்று சின்னப்பிள்ளை மாதிரி நிலத்தில் கால் அடித்து அழுதான். நானும் அழுதேன். கமலாசனி உள்ளே கதவோடு சாய்ந்து நின்றாள்.

தை பிறந்து ஒரு பொழுதுபட்ட நேரம் கமலாசனிக்கு வலி கண்டது. மருத்துவிச்சியைக் கூட்டிக்கொண்டு அப்புத்துரையண்ணை லாந்தரோடு வந்தார். வீரகத்தி வெளியே கதிரையில் இருந்தான். அதற்குள் அவனுக்குப் பகலும் இருண்டுவிட்டது. நான் பிள்ளையைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தேன். அப்புத்துரையண்ணை லாந்தரைப் பிள்ளையின் முகத்துக்குக் கிட்டே தூக்கிப் பிடித்தார்.

"அண்ணையோ? வடிவாப் பிடியுங்கோ" என்றான் வீரகத்தி. பிறகு பிள்ளையின் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தான்.